பௌர்ணமியன்று நாம் வைத்த கூட்டம்

இன்று காலை வகுப்பில் புது ப்ரொஜெக்டர் வேலை செய்யவில்லை. ஸ்டோர் ரூமில் கிடந்த பழையதைத் தூக்கிவந்து மாட்டினார்கள். விளக்கு சூடேறியதும் உள்ளே படிந்திருந்த தூசி கருகி ஒரு வாசனை வந்தது. மாணவிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு உன் குரல்தான் கேட்டது. உரக் கம்பெனி ஏஜென்டிடம் கெஞ்சி இரவல் வாங்கிய ப்ரொஜெக்டரைக் கல்யாண மண்டபத்து மாடியில் வைத்துவிட்டு, "இன்னா மலரு இது, ஆன் பண்ணாலே பொரி வறுக்கிற வாசனை வருது" என்று சொன்னாயே, அந்தக் குரல். அதற்குமேல் என்னால் பாடம் நடத்த முடியவில்லை. பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன்.

உன் மாடிக்கு நான் முதலில் வந்தது மின்னஞ்சல் பார்க்கத்தான். கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. தேரடித் தெருவில் உன் அண்ணன் கடை. கீழே கற்பூரம், ஊதுவத்தி, பித்தளை விளக்கு எல்லாம் விற்பார். மேலே உன் பிரவுசிங் சென்டர். படியேறி வந்தால் கற்பூர வாசனையும் கூடவே ஏறி வரும். மதியத்தில் வாடிக்கையாளர் கம்மி என்பதால், அந்த நேரத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாய். பூக்கட்டும் வீட்டுப் பெண், பத்தாவதோடு நின்றுபோனவள், கல்யாணத்துக்குக் காத்திருந்தவள் என்று யார் யாரோ வருவார்கள். யாரும் காசு கொடுத்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் யாரும் இலவசமாகப் பகிர்ந்துகொள்ளக்கூடிய மென்பொருள்களைப் பற்றி ஊருக்கு ஊர் பேசத் தொடங்கியிருந்தார்கள். கம்ப்யூட்டர் திரையைத் தமிழில் கொண்டுவர ஒரு மின்னஞ்சல் குழு இயங்கியது. நான் அதில் இருந்தேன். உன்னையும் சேர்த்துவிட்டேன். குழுவில் இருந்தவர்கள் அகராதியைப் பார்த்துச் சொல் தேடினார்கள். நீ உன் பெண்களிடம் கேட்டாய். 'கேன்சல்' என்பதற்கு 'ரத்து' என்று திரையில் வந்தால் ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டதாகப் பயந்து அவர்கள் கையை எடுத்துவிடுகிறார்கள் என்று நீதான் சொன்னாய். "'வேணாம்'னு போட்டா டக்குனு அமுக்குதுங்க" என்றாய். இதையெல்லாம் பல மாதம் கவனித்து மனதில் சேர்த்து வைத்திருந்தாய். சென்னையில் நடப்பதுபோல் ஒரு நாள் கூட்டத்தை நம் ஊரில் நடத்தலாம் என்று நான் சொன்னபோது, "நானும் பேசட்டா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாய். உன் பேச்சைத்தான் முதலில் முடிவு செய்தோம். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

நம்மிடம் பணம் இல்லை. ஊரில் யார் யாரிடம் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும், அது போதுமானதாக இருந்தது. ஆடி மாதம் கல்யாணம் இல்லாததால் மண்டபத்து மாடியைப் பெருக்கித் துடைக்கிற கூலிக்கே வாங்கினாய். மிஞ்சிப்போன கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை வெட்டிப் பெயர் அட்டைகள் செய்தாய். என் புடவையில் குத்தியிருந்த அட்டையைத் திருப்பினால் யாரோ ஒரு மாப்பிள்ளையின் பெயரும் படிப்பும் இருந்தன. சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதம், உங்கள் வீட்டு அடுப்பில். உன் சென்டரின் கம்ப்யூட்டர்களைப் போர்வையில் சுற்றி மூன்று சக்கர வண்டியில் ஏற்றியபோது, வழியில் ஒரு அம்மா, "வீடு காலி பண்றீங்களா?" என்று கேட்டாள். "இல்லக்கா, கம்ப்யூட்டருக்குக் கல்யாணம்" என்றாய்.

நாள் குறித்தவள் நான்.

பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்த ஒருவரைச் சிறப்புப் பேச்சாளராக அழைத்திருந்தேன். நம் குழுவில் எல்லோருக்கும் அவர் பெயர் தெரியும். அவருக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தோதுப்பட்டது.

"அன்னிக்குப் பௌர்ணமி. தெரியுமில்ல?" என்றாய்.

"தெரியும்பா. ஆனா அவர் வந்தாத்தான் வெளியூர்லேர்ந்து ஆளுங்க வருவாங்க."

"வெளியூர் ஆளுங்க எப்படியும் வருவாங்க, மலை சுத்த. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திடுவாங்க. ஆட்டோ கெடைக்காது. எங்கண்ணனுக்கும் அன்னிக்குத்தான் யாவாரம் ஜாஸ்தி. அவரு எப்படி வருவாரு?"

உன் அண்ணன் வருவது உனக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். மாடியைக் காலி செய்து கிரிவலம் வருகிறவர்களுக்குத் தங்க விடலாம் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அதில் வருமானம் இருந்தது. நீ அந்த மாடியில் என்னதான் செய்கிறாய் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. "கூட்டத்துல பேசப்போறேன், வந்து கேளுங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க" என்று அவரிடம் சொல்லியிருந்தாய். அதையும் என்னிடம் சொல்லியிருந்தாய். அப்படியும் நான், "காலையில ஆரம்பிச்சு சாயந்தரம் கூட்டம் சேர்றதுக்குள்ள முடிச்சிடலாம்" என்றேன். நீ கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "சரி, நீ சொன்னா சரிதான்" என்றாய்.

அந்தப் பேச்சாளரின் கண்ணில் பட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அவருடைய நிறுவனத்தில் வேலைக்கு முயல வேண்டும் என்று மனதுக்குள் நினைத்திருந்தேன். உன்னிடம் அதைச் சொல்லவில்லை.

காலைப் பொழுது நன்றாகத்தான் போனது. ப்ரொஜெக்டரைப் போட்டதும் திரையில் முதலில் வந்தது உரக் கம்பெனியின் விளம்பரப் படம், நோய் பிடித்த கரும்பு. அரங்கமே சிரித்தது. கீழ்த்தளத்தில் அன்னதானத்துக்குக் கிரைண்டர் ஓட்டியபோதெல்லாம் மேலே கம்ப்யூட்டர்கள் அணைந்துபோயின. நீ கீழே போய்ச் சமையல்காரரிடம் பேசி, நம் பேச்சு நடக்கும்போது காய் நறுக்குவது, இடைவேளையில் மாவரைப்பது என்று ஏற்பாடு செய்துவிட்டு வந்தாய். காலையில் பேச வேண்டிய பெங்களூர்க்காரர் மட்டும் வந்து சேரவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உன் பேச்சு. அதற்கு முன்பே உன் அண்ணன் வந்துவிட்டார். சலவை செய்த வெள்ளைச் சட்டை. பௌர்ணமி வியாபாரத்தை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்து, முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்து, நீ கொடுத்த பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் பேச்சாளர் போன் செய்தார். செங்கம் சாலையில் தற்காலிகப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார்களாம். எந்த வண்டியும் இல்லை, எந்தப் பக்கம் நடப்பதென்றும் தெரியவில்லை என்றார்.

"நான் போய்க் கூட்டிக்கிட்டு வந்துடறேன். சந்து வழியா போனா சீக்கிரம் வந்துடலாம்" என்று உன் மொபெட் சாவியை எடுத்தாய்.

போகாதே, நீ பேசு, அவர் எப்படியாவது வந்து சேரட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். "சீக்கிரம் வா" என்றேன்.

நீ திரும்பி வந்தபோது முகமெல்லாம் புழுதி. பேச்சாளர் உன் பின்னாலேயே படியேறி வந்தார். எனக்குப் பரபரப்பில் வேறெதுவும் தோன்றவில்லை. நேராக அவரை மேடைக்கு அழைத்து மைக்கைக் கொடுத்துவிட்டேன். நீ கதவருகே நின்றுகொண்டு, கண்ணாலேயே உன் அண்ணனைக் காட்டினாய். நான் உள்ளங்கையைக் காட்டிப் பொறு என்றேன்.

அவர் நன்றாகத்தான் பேசினார். நிறுத்தாமல் பேசினார். கடையிலிருந்து உன் அண்ணனுக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. அவர் அதை அணைப்பதும் உன்னைப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுந்து, நாற்காலியைச் சத்தம் போடாமல் நகர்த்தி, கதவருகே உன்னிடம் ஏதோ சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மேடையில் உட்கார்ந்து நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு துண்டுச் சீட்டில், போதும் என்று எழுதிப் பேச்சாளரிடம் நீட்டியிருக்க முடியும். அவர் முகம் சுளித்துவிடுவாரோ என்று பயந்தேன்.

அவர் முடித்தபோது கீழே ஒலிபெருக்கி கட்டிவிட்டார்கள். சாலைகளை அடைப்பதற்குள் ஊருக்குத் திரும்ப வேண்டுமென்று வந்தவர்கள் பையைத் தூக்கினார்கள். நான் அவசரமாக நன்றி சொன்னேன். சிறப்புப் பேச்சாளருக்கு நிறைய. உனக்கு, 'உணவு, போக்குவரத்து ஏற்பாடுகளைக் கவனித்துக்கொண்ட தோழிக்கு' என்று ஒரு வரி. எல்லோரும் கைதட்டினார்கள். நீயும் தட்டினாய்.

பாத்திரம் கழுவும்போது கேட்டேன், உன் அண்ணன் போகும்போது என்ன சொன்னார் என்று.

"'எலுமிச்சை சாதம் நல்லா இருந்துச்சும்மா'ன்னாரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

கார்த்திகை தீபத்துக்கு முன்பே மாடி காலியானது. கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் பாய்களை அடுக்கி வைத்திருந்தார்கள். "அடுத்த வருஷம் உன் பேச்சுதான் மொதல்ல" என்றேன் உன்னிடம். "பாக்கலாம்பா" என்றாய். அடுத்த வருடம் கூட்டம் நடக்கவில்லை. நான் ஊரில் இல்லை. அந்தப் பேச்சாளர் சொல்லித்தான் எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. நீ ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். போனில் பேசும்போதெல்லாம் என் வேலையைப் பற்றி மட்டும் ஆசையாக விசாரித்தாய். பெங்களூர் ஒத்துவராமல் நான் திரும்பி வந்து மறுபடி கல்லூரியில் சேர்ந்தபோது, பேருந்து நிலையத்துக்கே வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டாய். ஒரு நாளாவது கோபித்துக்கொண்டிருக்கலாம். திட்டியிருந்தால் பதிலுக்கு அழுதாவது தீர்த்திருப்பேன்.

பிறகு நீ நோயில் விழுந்தாய். வேலூர் ஆஸ்பத்திரியில் உன்னை வந்து பார்த்தபோது நீ பாதியாக இளைத்திருந்தாய். இனி தள்ளிப்போட முடியாது என்று எனக்குப் புரிந்தது.

"அன்னிக்குப் பேசறதுக்கு வெச்சிருந்தியே, அதை இப்ப எனக்குச் சொல்றியா?" என்று கேட்டேன்.

"இப்பவா? லூசா நீ?" என்றாய். ஆனால் தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னாய். போர்வையைச் சரி செய்துகொண்டாய். தொண்டையைச் செருமிக்கொண்டு, எனக்குப் பின்னால் ஆட்கள் உட்கார்ந்திருப்பதுபோல் பார்த்துப் பேசினாய்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் இந்த ஊருதான். தேரடித் தெருவுல, எங்கண்ணன் கடை மாடியில, பொம்பளப் பிள்ளைங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்குறேன்."

அங்கேயே நின்றுவிட்டாய்.

"அப்புறம்?"

"அப்புறம் மறந்துபோச்சுபா" என்று கண்ணை மூடிக்கொண்டாய். மறந்ததா, சொல்லப் பிடிக்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். நீ தூங்கிவிட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

நீ போன பிறகு உன் அண்ணன் கடைப் பக்கம் போகவே எனக்குக் கால் வரவில்லை. இன்று கல்லூரி விட்டதும் நேராக அங்கே போனேன். அவருக்குத் தலை நன்றாக நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா" என்றார். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினோம். பிறகு அவராகவே கேட்டார்.

"அன்னிக்கு மண்டபத்துல, நான் போனப்புறம் பாப்பா நல்லா பேசுச்சாம்மா? அதுகிட்ட கேக்க எனக்கு வாய் வரல. கடை கடைனு பாதியில ஓடியாந்துட்டேன். இருந்து கேட்டிருந்தா மாடியை எடுத்திருக்க மாட்டேனோ என்னமோ."

இத்தனை வருடமும் நீ அவரிடம் சொல்லவே இல்லை. நீ பேசினாய் என்றும், கேட்காமல் போனது தன் தவறு என்றும் அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அவ பேசவே இல்லைங்கண்ணா" என்றேன். "அவளோட நேரத்தை நான் எடுத்து அந்தப் பெங்களூர்க்காரருக்குக் குடுத்துட்டேன். நீங்க இருந்திருந்தாலும் கேட்டிருக்க முடியாது."

 யாரோ வந்து கற்பூரம் கேட்டார்கள். அவர் எடுத்துக் கொடுத்துவிட்டு, சில்லறையைத் தப்பாகக் கொடுத்து, மறுபடி வாங்கி எண்ணினார். அவர் கோபப்படட்டும் என்று காத்திருந்தேன். கல்லாவை மூடிவிட்டு, "இன்னாதான்மா பேச இருந்துச்சு அது?" என்றார்.

நான் உன் மூன்று வாக்கியங்களையும் சொன்னேன். நீ நிறுத்திய இடத்தில் நானும் நிறுத்தினேன். என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

'எங்கண்ணன் கடை மாடியில' என்று வந்தபோதே அவர் விளக்குகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகைக் காட்டியபடியே, "இன்னொரு தரம் சொல்லும்மா" என்றார்.

சொன்னேன்.