ஜன்னலில் வைத்த விளக்கு

அன்பு மகளுக்கு,

உன் சிநேகிதி ஷிரா நம் வீட்டில் நன்றாக இருக்கிறாள், கவலைப்படாதே. கரண்ட் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

காலையில் பூசாரி, மௌலவி, விகாரை ஹாமதுரு, பாதர் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துச் சமாதானம் பேசவைத்தாள். அவள் நாட்டுச் சண்டையில் அண்ணனைப் பறிகொடுத்தவளாம், அதனால்தான் பேசுகிறாளாம்.

மத்தியானம் பைக்கில் வந்த இரண்டு பேர், "அந்த யூதப் பொண்ணு எந்த வீட்டுல இருக்கு?" என்று தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாகக் கேட்டார்கள். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. அவளிடம் சொன்னேன். நீ கற்றுக்கொடுத்த தமிழில், "அவங்களையும் கூப்பிடுங்கம்மா, பேசலாம்" என்றாள்.

இன்று வெள்ளிக்கிழமை. பொழுது சாயுமுன் மேசையில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அவர்கள் மத வழக்கமாம். கார்த்திகை விளக்கை வாசலில் வைத்துப் பழகிய கை, நான்தான் அவற்றை எடுத்து ஜன்னலில் வைத்தேன்.

பக்கத்து வீட்டு வேலாயி ஓடிவந்தாள். "அக்கா, லயமே இருட்டா கெடக்கு. ரோட்டுலேருந்து பாத்தா ஒங்க வீடுதான் தெரியுது."

அணைக்கப் போனேன். ஷிரா தடுத்தாள்; பொழுது சாய்ந்தபின் ஏற்றியதை அணைக்கவோ நகர்த்தவோ கூடாதாம்.

கீழே ரோட்டில் பைக் வந்து நிற்கிறது. ஷிராவுக்கும் கேட்டிருக்கும். அவள் இன்னும் இரண்டு தேத்தண்ணிக் கோப்பை எடுத்து வைக்கிறாள்.

அம்மா