ஜில்லா ஆபீஸில் முதல் நாள்

ஜப்பான்காரர்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலம். ஜில்லா ஆபீஸில் மூன்று மாதப் பயிற்சிக்குப் பிரேமாவதியை எடுத்திருந்தார்கள். "ஜப்பான்காரன் ஆபீஸுக்குப் பொம்பளப் பிள்ள போறதா?" என்று அண்ணன் இருளப்பன் நேற்று முழுக்கக் கத்தினான். காலையில் அவன் வேலைக்குப் போனதும், கதவில் செருகிவிட்டுப் போக அவள் சீட்டு எழுதினாள்:

"அண்ணே, மரவள்ளி அவிச்சு மூடி வச்சிருக்கேன். சாவிய பக்கத்து வீட்டுப் பாப்பம்மா அக்காகிட்ட குடுத்துட்டுப் போறேன். கோவிச்சுக்காதீங்கலா. சயாம்ல ரயில் பாதை போடப் பிடிச்சுட்டுப் போனவங்க பேர் லிஸ்டு அந்த ஆபீஸ்லதான் இருக்காம். அப்பா எந்த கேம்ப்ல இருக்காருன்னு நானே தேடிப் பார்ப்பேன்."

வெளியே வந்தாள். அண்ணன் நடந்தே போயிருந்தான். தன் சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, அவள் உயரத்துக்கு ஸீட்டைத் தாழ்த்தி வாசலில் நிறுத்தியிருந்தான். சிரித்துக்கொண்டே உள்ளே ஓடி, சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"சைக்கிள எடுத்துட்டுப் போறேண்ணே. இனிமே நீங்க கத்துனா நம்ப மாட்டேன்."