கடைசிச் சாவியின் கணியம்

மக்கா,

கேம் பெட்டியை இயக்கிய கொஞ்ச நேரத்தில், அதன் பின்பக்கத்திலிருந்து சூடேறிய தூசியும் உப்பும் கலந்த வாசனை வந்தது. கடியப்பட்டணத்தில் உங்கள் வீட்டு முன்னறையின் வாசனை. நேற்று உன் அம்மா இதை என்னிடம் எடுத்துக் கொடுத்தார். "இஞ்ச இனி ஆரு விளையாட? நீயே கொண்டு போ மக்களே" என்றார். எனக்கு ஆறுதல் சொல்ல வராது, உனக்குத் தெரியும். ஒயர்களைச் சுற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

துபாயிலிருந்து உன் மாமா இதைக் கொண்டுவந்தபோது நாம் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தோம். 2004 ஆக இருக்கும். ஊர் உலகம் அதற்குள் அடுத்த பெட்டிக்குப் போயிருந்தது. நமக்கு இதுவே பெரிது. வடசேரியில் வாங்கிய ஒரே ஒரு நகல் சிடி. தொப்பி போட்ட நீர்நாய் ஒன்று தீவு தீவாகத் தாவி, சில இடங்களில் கடலுக்குள் முங்கி, ஒளித்து வைத்திருக்கும் சாவிகளைப் பொறுக்க வேண்டும். படத்தில் ஆழம் உண்டு, சுற்றி நடக்கலாம் என்பதே அன்று அதிசயம். கேமரா மட்டும் படு மோசம். சுவரை ஒட்டிப் போனால் நீர்நாயின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது.

உனக்குத் தாவவே வராது. ஒவ்வொரு முறையும் தண்ணீரில் விழுவாய். "கடலுல பிறந்தவன் கடலுலதான் விழுவான்" என்று நான் கேலி செய்வேன். "நீ கரையில நிண்ணு குதி, நான் எங்கன்னு சொல்லுதேன்" என்பாய். சொல்லவும் செய்தாய். உன் அப்பா உனக்குக் கணியம் பார்க்கக் கற்றுக்கொடுத்த சமயம் அது. கரையில் சிலுவை நட்ட ஒரு குருசடியும் அதன் பின்னால் ஒரு மலையும் நேர்கோட்டில் வர வேண்டும். மறுபக்கம் வேறு இரண்டு அடையாளங்கள் அதேபோல் சேர வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் கடலடியில் பாறை, பாறையில் மீன். நீ அதைத் திரைக்குள் கொண்டுவந்தாய். காற்றாடியும் உடைந்த பாலமும், கோபுரமும் சிவப்புப் பாறையும் என்று ஒவ்வொரு சாவிக்கும் ஒரு கணியம் வைத்தாய்.

அதில் நீ தோற்ற இடம் ஒன்றுதான். கொஞ்சம் தள்ளிப் போனதும் கோபுரம் பனிமூட்டத்தில் காணாமல் போய்விடும். "கரை தெரியாத கடலுல எப்பிடிலே தொழிலு செய்ய?" என்று எரிந்து விழுந்தாய். இந்தப் பெட்டிக்கு மெமரி குறைவு, தூரத்தில் இருப்பதை வரைய முடியாமல்தான் பனியைப் போட்டு மூடுகிறது என்று விளக்கினேன்.

"மெமரி கொறஞ்சா மூடலு வருமா?"

"ஆமா."

"எனக்க பாட்டாவுக்கும் அதுதான் கேடு, கேட்டியா."

ஒரே ஒரு சாவி பாக்கி நின்றது. பிறகு நீ கடலுக்குப் போனாய், நான் இன்ஜினீயரிங் போனேன்.

ஒன்பது வருடம் கழித்து வலைக்கயிறு உன் கையிலிருந்து நழுவத் தொடங்கியது. தசைகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போகிற நோய் என்று டாக்டர் சொன்னார். மருந்து கிடையாது என்றும் சொன்னார். நான் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. பரணைக் காட்டி, "அந்தப் பெட்டிய எடு மக்கா. கை நிக்கதுக்கு முந்தி அந்த ஒண்ணையும் எடுத்திரணும்" என்றாய்.

எனக்குப் பொறுமை கிடையாது. எல்லாச் சாவியும் எங்கே என்று இன்டர்நெட்டில் படத்தோடு கிடக்கிறது, அஞ்சு நிமிட வேலை என்றேன். உன் முகம் மாறிவிட்டது.

"பிறத்தியானுக்க கணியத்துல மீன் பிடிச்சா அது களவாக்கும். எங்க ஆளுவ மச்சானுக்குக்கூட கணியம் சொல்லமாட்டாவ. நீ ஊருக்கே சொன்னவன்கிட்டப் போய் கேக்கிய?"

நீ தடுத்தும் நான் பார்த்தேன். கடைசிச் சாவி ஒரு குகைக்குள் இருந்தது. நம் சிடியில் அந்தக் குகையே இல்லை. சிடியைக் கணினியில் போட்டுக் கோப்பு கோப்பாகத் தேடினேன். நகல் எடுத்தவன் இடம் போதாமல் அந்தப் பகுதியை வெட்டி எறிந்திருக்கிறான். குகை வாசல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர். திரையில் 'இன்னும் ஒன்று' என்று காட்டுவது மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அலுவலகத்தில் ஆகாத காரியத்தை ஆகாது என்று முதலில் சொல்கிறவன் நான். உன்னிடமும் சொல்லிவிடுவது என்றுதான் அடுத்த வாரம் வந்தேன். நீ சுவரில் சாய்ந்து, வலது கட்டைவிரலால் மட்டும் நீர்நாயை நடத்திக்கொண்டிருந்தாய். மரச்சீனிக் கிழங்கும் மீனும் கொண்டுவந்த அம்மா, "மீசை மொளச்ச பயலுவளுக்கு விளையாட்டப் பாரு" என்று திட்டிவிட்டு, விளையாடுகிற உன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ பாத்துட்டியா?" என்று கேட்டாய்.

"பாத்தேன்."

"உனக்க மோறையிலயே இருக்கு, கள்ளப் பயலே. எடத்தச் சொல்லாத. கிட்டயா தூரமா, அத மட்டும் சொல்லு."

வாய்வரை வந்த வாக்கியம் வேறு.

"கிட்டதான்" என்றேன்.

"நெனச்சேன்" என்று சிரித்தாய்.

அதன்பிறகு விரலும் நின்றது. நீ சொல்லச் சொல்ல நான் ஓட்டினேன். "பைய. பைய போலே, பஸ்ஸா பிடிக்கப் போற? காத்தாடித் தண்டு பாலத்துத் தூணுல ஒட்டட்டு." உன் பேச்சு குழறத் தொடங்கிய ஒரு மத்தியானம், என் காதைக் கிட்டே கொண்டுவரச் சொல்லி அந்தச் சாவிக்கு நீ வைத்திருந்த கணியத்தைச் சொன்னாய். இரண்டு கோடுகள், நான்கு அடையாளங்கள். திருப்பிச் சொல்லச் சொன்னாய், சொன்னேன். உடனே முங்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "இப்ப வேண்டாம். பொறவு நீ ஒத்தைக்கு முங்கு. ஆருக்கும் சொல்லாத." அதுதான் நான் முழுதாகப் புரிந்துகொண்ட உன் கடைசிப் பேச்சு.

இன்றைக்கு முங்கினேன். அவசரப்படாமல், நீ சொன்னபடியே, முதல் கோட்டைச் சேர்த்து, அது கலையாமல் நகர்ந்து இரண்டாவதையும் சேர்த்தேன். பனிமூட்டம் எதையும் மறைக்காத இடமாகப் பார்த்துத்தான் குறித்திருக்கிறாய். அடியில் மணல். நீர்நாயை மேலே கொண்டுவந்து மூச்செடுக்க வைத்து மறுபடி முங்கினேன். மணல். இருக்காது என்று தெரிந்தவன்தான் நான். ஆனாலும் வெளிச்சம் போகும்வரை முங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு கோடுகளும் என்னிடம் இருக்கின்றன. இங்கேயும் எழுதவில்லை.