நாற்பத்தொரு ஓட்டுநர்களுக்கும் 120/80

அனுப்புநர்:
பணி எண் 27 ஓட்டுநரின் அக்கா,
கல்லூரிப் புள்ளியியல் ஆசிரியை,
பணிமனைக்கு எதிர்த்தெரு.

பெறுநர்:
தலைமை மருத்துவ அலுவலர்,
நகரப் பேருந்துக் கழகம்.

பொருள்: இரத்த அழுத்தத்தை அளக்காமல் ஓட்டுநர்களுக்குத் தகுதிச் சான்று வழங்கியது – ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுபடி அளக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தம்பி தங்கள் கழகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பேருந்து ஓட்டுகிறான். சென்ற மாதம் பணிமனை மருத்துவ அறையில் நடந்த ஆண்டுப் பரிசோதனையில் அவனுடைய இரத்த அழுத்தம் 120/80 என்று எழுதப்பட்டது. அதே வாரம் வீட்டில் நான் அளந்தபோது 178/106 இருந்தது.

2. எடுத்த எடுப்பில் எதையும் நம்புகிறவள் அல்ல நான். முதலில் என் கருவியைத்தான் சந்தேகித்தேன். பத்து நாள், காலையும் மாலையும், ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து அளந்தேன். அவனுக்கு அந்த ஐந்து நிமிடமே தண்டனை. அக்காவின் பொழுதுபோக்கு என்று கையை நீட்டினான். மருந்துக்கடைக் கருவியிலும் பார்த்தாயிற்று. மேல் எண் ஒருமுறைகூட 160-க்குக் கீழே இறங்கவில்லை.

3. பிறகு பணிமனை அறிவிப்புப் பலகையில் இருந்த பட்டியலைப் படித்தேன். இருபத்தாறு வயதுக்காரர் முதல் ஐம்பத்தேழு வயதுக்காரர் வரை நாற்பத்தொரு ஓட்டுநர்கள். அனைவருக்கும் 120/80. எண்களோடு இருபது ஆண்டுகள் பழகிய எனக்கு இது ஆரோக்கியமாகத் தெரியவில்லை.

4. மருத்துவ அறைக்கே போய்க் கேட்டேன். செவிலியர் ஒளிக்கவில்லை. அழுத்தம் அளக்கும் கருவியில், கைப்பட்டையின் இரப்பர் குழாய் கிழிந்து ஏழு மாதமாகிறது. பிளாஸ்திரி சுற்றியும் காற்று நிற்கவில்லை. புதியது கேட்டு மூன்று கடிதம் எழுதியிருக்கிறார். "என்னங்க பண்றது? தலை சுத்துதா, படபடன்னு வருதான்னு கேப்பேன். இல்லைன்னா நார்மல்னு எழுதிடுவேன்" என்றார். அவரைத் தண்டிக்க நான் எழுதவில்லை. தவறு அந்தக் கேள்வியில் இருக்கிறது. உயர் இரத்த அழுத்த நோய் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. ஆண்டுக்கணக்கில் சத்தமின்றி இதயத்தையும் சிறுநீரகத்தையும் கண்ணையும் கெடுத்து, ஒருநாள் பக்கவாதமாகவும் வரக்கூடும். அளந்தால்தான் தெரியும்.

5. தம்பியிடம் இதைச் சொன்னால் சான்றை எடுத்து நீட்டுகிறான். "டாக்டரே கையெழுத்துப் போட்டிருக்காரு. நீ இங்கயும் பாடம் நடத்தாதக்கா, நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்கிறான். அந்தக் கையொப்பம் தங்களுடையது, ஐயா. மருத்துவரிடம் போக மறுக்க அவனுக்கு வேறு காரணமில்லை. திங்கள் முதல் அவனுக்கு மலைப்பாதைத் தடம். பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

6. எனவே, ஞாயிற்றுக்கிழமைக்குள் நல்ல கருவியும், பருத்த கைகளுக்கேற்ற பெரிய பட்டையும் வரவழைத்து, நாற்பத்தொருவரையும் மறுபடி அளக்க ஆணையிடுங்கள். அதுவரை தம்பியின் சான்றை நிறுத்திவையுங்கள். அவன் வேலை போகவேண்டியதில்லை. எனக்கும் இதே நோய் உண்டு. உப்பைக் குறைத்து, நடந்து, தவறாமல் மாத்திரை சாப்பிட்டு, ஆறு ஆண்டுகளாகக் கட்டுக்குள் வைத்திருக்கிறேன். அவனாலும் முடியும்.

இம்மனுவின் நகலை அவனுடைய சாப்பாட்டுப் பையில் வைத்துவிட்டேன். சில நாள் என்னோடு பேசமாட்டான். நல்லதுதான், பேசாமல் உட்கார்ந்தால் அளவு சரியாக வரும்.

தாங்கள் அளக்கச் சொல்வீர்கள் என்று நம்பும்,

(ஒப்பம்)
பணி எண் 27-இன் அக்கா

இடம்: பணிமனை எதிர்த்தெரு
நாள்: 12ஆம் தேதி, வியாழன்