பிக்கப்பைக் கொடுத்த அன்று

புது வேனின் சீட்டில் இன்னும் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கவில்லை. கதவைத் திறந்தாலே அந்த வாடை தலையைப் பிடிக்கிறது. நீ இருந்திருந்தால் வந்த அன்றே கிழித்துப் போட்டிருப்பாய். எனக்கு அதற்குக்கூடக் கை வரவில்லை, அவ்வளவு அசதி.

வேனைக் குறை சொல்லக்கூடாதுதான். ஏசி இருக்கிறது. ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்புகிறது. நம் பழைய பிக்கப்பில் வெள்ளிமலை ஏறி இறங்கினால் தோள் இரண்டும் விட்டுப்போகும். மழை வந்தால் முதலில் என் மடியில்தான் ஒழுகும். ஆனால் வேனின் பின்பக்கம் மூடிய பெட்டி. மரவள்ளிக்கிழங்கு மூட்டைமேல் யாரும் உட்கார்ந்து வர முடியாது. மலையில் கை காட்டும் பெண்களைத் தாண்டிப் போகிறேன். திட்டத்தான் செய்வார்கள். நீ அவர்களோடு பின்னால்தான் வருவாய். முன்னால் வரச் சொன்னால், "பொம்பளைங்க அல்லாம் பின்னாடி குந்திகினு வராங்க, நான் மட்டும் இன்னா ராணியா?" என்பாய்.

இரண்டு வண்டியையும் வைத்துக் காப்பாற்ற முடியாது. "உன் முதுகு இருக்கிற இருப்புக்கு அது இன்னாத்துக்குப்பா? வித்துடு" என்று நம் மகள் தினமும் சொல்கிறாள். நியாயம்தான். அம்மா உட்கார்ந்து வந்த வண்டி என்று சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

இன்று காலை கச்சிராயபாளையத்திலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். நான் இன்ஜினை ஓடவிட்டு உள்ளே இருந்தேன். அவர் பின்னால் ஏறி, துரு ஏறியிருக்கிறதா என்று தகரத்தை இரண்டு தட்டு தட்டினார். நான் கியரைப் போட்டு வண்டியை எடுத்துவிட்டேன்.

"யோவ், எங்கய்யா இட்டுக்கினு போற?" என்று அவர் கத்திய பிறகுதான் நிறுத்தினேன்.

கடைசி ஆள் ஏறி உட்கார்ந்ததும் நீ தட்டுவாயே, அதே இரண்டு தட்டு. "நான் தட்டாம எடுத்துக்கினு பூடாதீங்க" என்பாய். என் கால் அதற்குத்தான் பழகியிருக்கிறது. அவரிடம் இதை எப்படிச் சொல்வது? "கிளட்ச் நல்லாத்தான் புடிக்குது" என்று அவரே சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. இறங்கிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். இன்னொரு நாள் தள்ளிப்போட்டால் கொடுக்கவே மாட்டேன் என்று தெரியும். கோபித்துக்கொள்ளாதே.

மாலையில் வேனில் லோடு ஏற்றினேன். கதவைச் சாத்தி, முதல் கியரைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பின்னால் நின்ற டிராக்டர்காரன் ஹாரன் மேல் ஹாரனாக அடித்தான். நீ இன்னும் தட்டவில்லையே, நான் எப்படி எடுப்பேன்?