இரண்டு வினாடி நின்ற கார்

மார்ச் 4, செவ்வாய்

எட்டரை மணி நோயாளி வரவே இல்லை. அவருக்காகத்தான் அவ்வளவு அவசரமாகப் போனேன்.

பெட்ரோல் பங்க்கை ஒட்டிய சந்திலிருந்து சடாரென்று ஒரு சைக்கிள் வெளியே வந்தது. பிரேக்கை மிதித்தேன். இடப்பக்கக் கண்ணாடியில் டம்மென்று சத்தம். நின்றேன். இரண்டு வினாடி இருக்கும். பின்னால் பார்த்தால் அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்துவிட்டார், நாலு பேர் ஓடி வருகிறார்கள். அதான் நாலு பேர் இருக்கிறார்களே, நான் எதற்கு? கிளம்பிவிட்டேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். கீழே விழுந்தவர்களை எழுப்பி நடக்க வைப்பதற்குத்தான் பதினெட்டு வருஷமாக ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்குகிறேன்.

மார்ச் 5, புதன்

இவரிடம் சொன்னேன். அடிபட்டவருக்கு என்ன ஆச்சு என்று கேட்பார் என நினைத்தேன். "யாராவது நம்பரைப் பாத்தாங்களா?" என்று கேட்டார்.

"தெரியல."

"அப்ப வாயைத் திறக்காத."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் காரைத் தன் கையாலேயே கழுவினார். கண்ணாடியை மட்டும் இரண்டு முறை.

மார்ச் 9, ஞாயிறு

யாரும் வரவில்லை. நன்றாகத் தூங்கினேன். அதைத்தான் எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஏப்ரல் 17, வியாழன்

மாவுக்கட்டுப் பிரித்த கையோடு ஒரு புது நோயாளி. வலது மணிக்கட்டு. சலூன் வைத்திருக்கிறார், ஐம்பது வயதிருக்கும். கத்தரிக்கோலைப் பிடித்தால் விரல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லையாம்.

எப்படி ஆச்சு என்று எல்லோரையும் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

"பங்க் பக்கத்துச் சந்துல, மேடம். மார்ச் நாலாம் தேதி. கறுப்பு கார். பெரிய மீசை வச்ச ஆளு, என்னன்னுகூடக் கேக்காம போயிட்டான்."

என் கார் சாம்பல் நிறம். மீசையைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. போலீஸ் அந்த மீசையைத்தான் ஊரெல்லாம் தேடுகிறதாம்.

அவர் கை என் கைக்குள் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்து அட்டையில் குறித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

இருபது நிமிஷப் பயிற்சியை ஐம்பது நிமிஷம் கொடுக்கிறேன். என் சாப்பாட்டு நேரமும் அவருக்குத்தான். "உங்களை மாதிரி நல்லவங்க இருக்கறதாலதான் மேடம்..." என்று ஆரம்பித்தார். கைக்கு ஒத்தடம் கொடுக்கிற மெழுகுத் தொட்டியின் சூட்டைப் பார்க்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மே 2, வெள்ளி

இன்றைக்கு அவராகவே பேச்சை எடுத்தார்.

"உள்ளதைச் சொன்னா தப்பு என்னுதுதான் மேடம். ரெண்டு பக்கமும் பாக்காம வெளிய வந்துட்டேன். அந்தாளு மட்டும் இறங்கி வந்திருந்தா நானே மன்னிப்புக் கேட்டிருப்பேன். போனான் பாருங்க, அதான் மனசு ஆறல."

"நான்தான்" என்றேன்.

"என்ன நீங்கதான்?"

"அந்தக் கார்ல."

சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கையை மெதுவாக உருவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். பயிற்சியில் இன்னும் பத்து நிமிஷம் மிச்சம் இருந்தது — அதைத்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புத்தி அப்படித்தான் வேலை செய்கிறது.

மே 5, திங்கள்

காவல் நிலையத்துக்கு நானே போனேன். எழுதிக்கொண்டவர் கோப்பைப் புரட்டிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மீசை வச்ச ஆளுன்னுல்ல இருக்கு?" ஒருவழியாக மீசையை அடித்துவிட்டு என்னை எழுதினார்.

வீட்டில் இவர்: "கேக்காதவங்ககிட்டப் போய் யாராவது சொல்லுவாங்களா? பைத்தியமா உனக்கு?"

இருக்கலாம். ஆனால் பசித்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

வக்கீலம்மா விளக்கினார். "மோதினதுல உங்க மேல தப்பே இல்ல, அவரே எழுதிக் குடுத்துட்டார். ஆனா நிக்காம போனது, உதவி பண்ணாதது, போலீஸுக்குச் சொல்லாதது — மூணும் தனித்தனிக் குற்றம். இறங்கி நின்னிருந்தீங்கன்னா கேஸே கிடையாது."

ஆக, செய்த எதற்கும் எனக்குத் தண்டனை இல்லை. செய்யாததற்கு மட்டும்தான்.

ஜூலை 21, திங்கள்

தீர்ப்பு. அபராதம். ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் முடக்கம். ஆஸ்பத்திரி தன் பங்குக்கு ஒரு மாதம் வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டது.

என்னை அடித்துப் போட்டது அந்த ஐம்பது நிமிஷம்தான். அரசு வக்கீல் வருகைப் பதிவேட்டை உயர்த்திக் காட்டிக் கேட்டார்: "இருபது நிமிட சிகிச்சையை ஐம்பது நிமிடம் கொடுத்தது எதற்கு? சாட்சியைக் கைக்குள் போட்டுக்கொள்ளத்தானே?" இந்த விஷயத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம்! இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இல்லையா? முழுக்க இல்லையா?

சலூன்காரரைக் கேட்டார்கள். "அது எதுக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. கை திரும்புச்சு, அது நிஜம். ஆனா அன்னிக்கு ரோட்ல நாலு பேரு வந்தாங்க. இவங்க வரல."

அவருக்கு இப்போது எங்கள் பிரிவில் வேறு பெண் பயிற்சி கொடுக்கிறாள். போன வருஷம்தான் சேர்ந்தவள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இவர் முடி வெட்டிக்கொண்டு வந்தார். இடப்பக்கக் கிருதா வலப்பக்கத்தைவிட ஒரு விரல் உயரம்.

"எந்தக் கடை?"

"அங்கதான். கூட்டமில்ல, அதான்" என்றார், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே.

"உங்களை யாருன்னு அவருக்குத் தெரியுமா?"

"கோர்ட்ல பாத்திருக்காரே."

"என்ன சொன்னார்?"

"தலையைக் குனிங்கன்னார். குனிஞ்சேன்."

நாற்காலியில் உட்கார வைத்து அந்தக் கிருதாவைக் கிட்டத்தில் பார்த்தேன். வெட்டியவருடைய மணிக்கட்டு உள்ளே மடங்குகிறது, வெளிப்பக்கம் முழுதாகத் திரும்பவில்லை. அவருக்குப் பயிற்சி கொடுக்கிற அந்தப் பெண் எடையைக் கூட்டப் பயப்படுகிறாள். இப்போது விட்டால் அப்படியே இறுகிப்போகும்.

அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். எந்தப் பயிற்சி, எவ்வளவு எடை, ஒரு நாளைக்கு எத்தனை தடவை. அடியில் பெயர் இல்லாமலே அனுப்பிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது.

பெயரைப் போட்டுவிட்டேன்.