துளை விட்ட பெட்டி

மார்ச் 3, திங்கள்
பாட்டில் தாளம் தும் தும்மென்று அதிர, காருக்கு ஒரு சப்வூஃபர் ஸ்பீக்கர் வாங்கினால் முடிந்தது என்று நினைத்துப் போனேன். கடைக்காரர் சிரிக்கிறார். "ஸ்பீக்கர் கிடக்கட்டும் சார், எந்தப் பெட்டி? அதச் சொல்லுங்க." முழுக்க மூடிய பெட்டி என்றால் தாளத்தின் அடி சுருக்கென்று விழுந்து நின்றுவிடுமாம். குழாய் வைத்துத் துளை விட்டது என்றால் அதே ஸ்பீக்கர் இன்னும் பலமாக அதிருமாம். காற்றுக்கு ஒரு வழி விட்டதற்கா இத்தனை வித்தியாசம்? எப்படி?

மார்ச் 5, புதன்
என் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவருக்குக் கண் சோதிக்கும்போதும் அதே நினைப்பு. "இது தெளிவா, அது தெளிவா?" என்று லென்ஸை மாற்றிக்கொண்டே இருந்தேன். பெட்டிக்கும் இப்படியே செய்தால் என்ன?

மார்ச் 8, சனி
கடைக்காரர் ஸ்பீக்கர் பூட்டிய இரண்டு பெட்டிகளை இரவல் தந்தார். மனைவியை முன் இருக்கையில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். ஒரே பாட்டு, வயரை மாற்றி மாற்றிச் செருகினேன். இதுவா, அதுவா? ஆறு தடவையும் மூடிய பெட்டியைத்தான் சொன்னாள். ஆறு தடவையும்!
"இன்னொண்ணு நெஞ்சுக்குள்ள வந்து உக்காருதுங்க. தலை வலிக்குது."
ஆச்சரியம்தான். எனக்கு அது நெஞ்சுக்குள் வந்து உட்காருவதுதான் பிடித்திருக்கிறது.

மார்ச் 10, திங்கள்
துளை விட்டதையே வாங்கி டிக்கியில் பொருத்தியாயிற்று. போகப் போகப் பழகிவிடுவாள்.

மார்ச் 12, புதன்
பஸ்ஸில் போகிறாள். நேற்றும் இன்றும். வீட்டில் பிள்ளைகள், டிவி, செல்போன் — நாங்கள் இருவரும் ஒழுங்காகப் பேசிக்கொள்வதே காலையில் வேலைக்குப் போகும் அந்த நாற்பது நிமிடம்தான். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. யாரிடம் சொல்ல? பக்கத்து இருக்கை காலி. என்ன பிடிவாதம் இது! அவளுக்கா, எனக்கா?

மார்ச் 17, திங்கள்
காரில் ஏறிக்கொண்டாள்! தலைவலி இல்லையாம். பக்கத்து வீட்டுக்காரியின் சண்டையை நடித்தே காட்டினாள். சத்தமும் மாறியிருக்கிறது. அடி விழுகிறது, நிற்கிறது; ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கிறது. ஓடி ஓடிப் பதமாகிவிட்டது போல.
"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல?"
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளோ?

மார்ச் 20, வியாழன்
பதமாவது என்றால் எப்படி? சும்மா இருக்க முடியவில்லை. டிக்கியைத் திறந்து பெட்டியின் குழாய்க்குள் கையை விட்டேன். என் பழைய பனியன்கள்! மூன்று. சுருட்டி, இறுக்கி அடைத்திருக்கிறாள். உருவிவிட்டுக் கேட்டேன் — அதே பழைய அதிர்வு. திரும்ப அடைத்தேன் — சுருக். துளையை அடைத்துவிட்டால் அது மூடிய பெட்டிதானே! நாலு நாளாக நான் ரசித்தது அவள் தேர்ந்தெடுத்ததை.
கோபமாகத்தான் உள்ளே போனேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?"
"கேட்டீங்க, சொன்னேன். ஆறு தடவ."
வெட்கம் பிடுங்கித் தின்கிறது. கடைக்கு வருகிறவர் இதுதான் தெளிவு என்று சொன்ன பிறகு வேறு லென்ஸை மாட்டி அனுப்புவேனா?

மார்ச் 22, சனி
தச்சர் குழாயின் வாய்க்கு இறுக்கமாக ஒரு மர மூடி செய்து கொடுத்தார். "எல்லாரும் துளை போடத்தான் வருவாங்க. அடைக்க வந்தவர் நீங்கதான்." பனியன்கள் துவைக்கப் போயின.

மார்ச் 24, திங்கள்
பாதி வழியில் அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பாட்டைக் குறைக்கக் கை நீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டு, அவளே இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.